நெட்வொர்க் செக்யூரிட்டிக்குப் போக எதைப் படிப்பது: எம்.சி.ஏ.வா, எம்.எஸ்சி.யா, 85,000 ரூபாய் டிப்ளமோவா?

தேனிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். தேனி மாவட்டத்தில் ஒரு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம் படிக்கிறேன். அப்பா தையல் கடை வைத்திருக்கிறார். வீட்டில் டிகிரி வரைக்கும் வந்த முதல் ஆள் நான்தான், அதனால் இதைக் கேட்க ஊரில் யாரும் இல்லை.

இரண்டு வருடமாக மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எங்கள் ஊர் கேபிள்காரரிடம் வேலை பார்க்கிறேன். முன்பு டி.வி. மட்டும் கொடுத்தவர், இப்போது ஃபைபர் இன்டர்நெட்டும் கொடுக்கிறார். 600 வீடுகள் இருக்கும். ஃபைபர் அறுந்தால் ஸ்பிளைஸ் போட்டு ஒட்டுவது, வீட்டில் மோடம் மாட்டுவது, "நெட் வரலை" என்று போன் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவது, இதுதான் என் வேலை. ஆபீசில் மைக்ரோடிக் கம்பெனியின் ரூட்டர் ஒன்று இருக்கிறது. அதைத் தொட எனக்கும் அனுமதி உண்டு.

போன வருடம் ஒரு மோசடி வழக்கு சம்பந்தமாக போலீசிலிருந்து கடிதம் வந்தது. ஒரு ஐபி முகவரி, ஒரு தேதி, ஒரு நேரம். அப்போது அதைப் பயன்படுத்தியது யார் என்று கேட்டிருந்தார்கள். எங்களிடம் ஒரு பொது ஐபியை ஐம்பது வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. எந்த வீடு என்று பிரித்துச் சொல்ல உதவும் போர்ட் எண் கடிதத்தில் இல்லை. எங்கள் ரூட்டரின் கடிகாரம் 17 நிமிடம் பிந்தி ஓடியது. ரூட்டரில் பதிவாகும் விவரம், அதாவது லாக், மூன்று நாளுக்கு மேல் நிற்பதே இல்லை. "தெரியவில்லை" என்றுதான் பதில் எழுதினோம். பணத்தை இழந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை என்று மட்டும் பிறகு கேள்விப்பட்டேன். அன்றிலிருந்துதான் இதைப் படிக்க வேண்டும் என்று மனதில் விழுந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாதி வீடுகளில் மோடத்தின் யூசர் நேமும் பாஸ்வேர்டும் கம்பெனி வைத்து அனுப்பியது அப்படியே கிடக்கிறது. ஒருநாள் இரவு என் வீட்டிலிருந்தே நாலைந்து பேருடைய மோடத்துக்குள் போய்ப் பார்த்தேன். எதையும் மாற்றவில்லை.

இப்போது என் முன்னால் மூன்று வழி இருக்கிறது. எம்.சி.ஏ., அல்லது ஒரு தனியார் பல்கலையில் வருடத்துக்கு 1.2 லட்சத்தில் எம்.எஸ்சி. சைபர் செக்யூரிட்டி, அல்லது மதுரையில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் ஆறு மாத எத்திகல் ஹேக்கிங் டிப்ளமோ. கடைசியில் சொன்னதற்கு 85,000 ரூபாய், நூறு சதவீதம் வேலை என்கிறார்கள். அதற்காக அம்மாவின் செயினை அடகு வைக்க அப்பா தயாராக இருக்கிறார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. கோடிங் சுமார்தான். கணக்கு பரவாயில்லை. என்ன செய்யலாம் என்று அண்ணன்களும் அக்காக்களும் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

தம்பி, செயின் வீட்டிலேயே இருக்கட்டும்.

நானும் பி.எஸ்சி.தான், திருநெல்வேலி பக்கம். 2021-ல் இதே மாதிரி ஒரு இடத்தில் 60,000 கட்டினேன். ஹேக்கிங் டூல்களோடு வரும் காளி லினக்ஸை இன்ஸ்டால் செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். முப்பது நாற்பது டூலை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினார்கள். அது ஏன் ஓடுகிறது என்று கேட்டால் பதில் வராது. நூறு சதவீதம் வேலை என்றால், மூன்று இன்டர்வியூவுக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதான். எனக்கு வந்த மூன்றும் லோன் விற்கும் கால் சென்டர்.

இப்போது சென்னையில் ஒரு சாக்கில் (SOC, நெட்வொர்க்கில் தாக்குதல் வருகிறதா என்று கண்காணிக்கும் மையம்) எல்-1, அதாவது முதல் நிலை ஆளாக இருக்கிறேன். புதியவர்கள் பெரும்பாலும் நுழைவது இந்த வாசல் வழியாகத்தான், அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை ஷிஃப்ட். திரையில் அலர்ட் வந்துகொண்டே இருக்கும். ஒரு கணக்கில் விண்டோஸ் லாக்கில் 4625 என்று வரிசையாக வருகிறது. லாகின் தோற்றது என்று அர்த்தம். பெரும்பாலும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் போனில் பழையதையே விட்டவராக இருப்பார். ஆனால் 4625 இருநூறு தடவை வந்து, அடுத்து ஒரே ஒரு 4624 வந்தால், அதாவது லாகின் வெற்றி என்றால், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். எந்த ஐபி, அதன்பின் என்ன புரோகிராம் ஓடியது, வேறு எந்த கம்ப்யூட்டருக்குப் போனது என்று பார்க்க வேண்டும்.

அதனால் நெட்வொர்க் மட்டும் படித்தால் போதாது. விண்டோஸ், ஒரு கம்பெனியின் யூசர் கணக்குகளை எல்லாம் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி, லினக்ஸ் கமாண்ட் லைன் மூன்றும் வேண்டும். இன்னொன்று, யாரும் சொல்லாதது: எழுதத் தெரிய வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு என்ன பார்த்தோம் என்பதைக் காலை ஷிஃப்டுக்குப் புரிகிற மாதிரி ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத்தான் கிளம்ப முடியும். என் முதல் வருடம் முழுக்க அதில்தான் திணறினேன்.

நொய்யல்:

தம்பி, உன் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். நான் கோயம்புத்தூர். 2006-ல் பாலிடெக்னிக்கில் இ.சி.இ. முடித்துவிட்டு, மில்களுக்கு நெட்வொர்க் கேபிள் இழுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரத்தில் பி.இ. படித்தேன். இப்போது ஒரு நிறுவனத்தில் ஃபயர்வால் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். புதியவர்களை எடுக்கும் இன்டர்வியூவிலும் உட்காருகிறேன். ஒரு அக்காவாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் அந்த மோடம் விஷயம். இன்றோடு நிறுத்து. நீ எதையும் மாற்றவில்லை என்பது உனக்குத் தெரியும், அந்த வீட்டுக்காரருக்குத் தெரியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவு, பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவதையே தவறு என்கிறது. அதையே தீய நோக்கத்தோடு செய்ததாக ஆகிவிட்டால் 66-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தத் துறையில் ஒருவரை வேலைக்கு எடுக்கும்போது பின்னணியை விசாரிப்பார்கள். ஒரு வழக்கு இருந்தால் எந்தச் சான்றிதழும் உதவாது. ஆனால் நீ பார்த்த ஓட்டை உண்மையானது. 2016-ல் மிராய் என்ற புழு பரவியது இப்படித்தான். கேமராவிலும் வீட்டு ரூட்டரிலும் கம்பெனி வைத்து அனுப்பும் அறுபது சொச்சம் பாஸ்வேர்ட் ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அந்த வருடம் அக்டோபரில் டைன் என்ற டி.என்.எஸ். (தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சேவை) நிறுவனத்தைத் தாக்கி, அமெரிக்காவில் பல பெரிய தளங்களை மணிக்கணக்கில் முடக்கிவிட்டது. அதனால் உன் முதலாளியிடம் போ. எழுத்தில் அனுமதி வாங்கு. வெளியிலிருந்து மோடத்தின் லாகின் பக்கத்தைத் திறக்க முடியாதபடி செய். அடுத்தடுத்து சர்வீஸுக்குப் போகும் வீடுகளில் பாஸ்வேர்டை மாற்று.

இப்போது படிப்பு. என்னைக் கேட்டால், பாதுகாப்பைத் தனிப் படிப்பாக முதலில் எடுக்காதே. டேட்டா சின்னச் சின்னத் துண்டுகளாக, அதாவது பாக்கெட்டாக, எப்படிப் போகிறது என்று தெரியாதவருக்கு அது எங்கே தவறாகப் போகிறது என்று தெரியாது. 2009-ல் ஒரு மில்லில் காலை எட்டு மணிக்கு இருநூறு கம்ப்யூட்டரும் ஒன்றன்பின் ஒன்றாக நெட்வொர்க்கை இழந்தன. வைரஸ் என்று எல்லோரும் ஓடினார்கள். ஆன்டிவைரஸ் சிடியோடு ஒருவர் ஒவ்வொரு மேசையாகப் போனார். மதியம் இரண்டு மணிக்குத்தான் நான் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைப் போட்டு, கம்ப்யூட்டர்களுக்கு ஐபி வழங்கும் டி.எச்.சி.பி. பாக்கெட்டை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன். ஐபி கொடுக்க வேண்டிய சர்வர் ஒன்று, ஆனால் பதில் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. இரண்டாவது கருவியின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி எண்) ஸ்விட்ச் ஸ்விட்சாகத் தேடிக்கொண்டு போனால், கோன் வைண்டிங் பிரிவின் மூலையில் யாரோ போனுக்கு வைஃபை வேண்டும் என்று வீட்டு ரூட்டர் ஒன்றைச் செருகி வைத்திருந்தார். அது தன் கைக்கு வந்த ஐபியை எல்லோருக்கும் வழங்கிக்கொண்டிருந்தது. தெரியாமல் செய்த ஒருவரால் ஆறு மணி நேரம் போனது. இதையே தெரிந்து ஒருவர் செய்தால், அத்தனை பேருடைய டிராஃபிக்கும் அவர் கம்ப்யூட்டர் வழியாகப் போகும். ஸ்விட்சில் டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங் என்று ஒன்று இருக்கிறது, அனுமதிக்காத இடத்திலிருந்து வரும் டி.எச்.சி.பி. பதிலைத் தடுத்துவிடும், இரண்டு மூன்று வரி கான்ஃபிகரேஷன். அதைப் போட்டிருந்தால் அன்று ஒன்றும் நடந்திருக்காது. அதற்குப் பெயர் நெட்வொர்க் வேலையா, பாதுகாப்பு வேலையா? எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை 2017 மே மாதம் பரவியபோதும் இதையே பார்த்தேன். மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அந்த ஓட்டைக்குப் பேட்ச் கொடுத்துவிட்டது. பேட்ச் போடாத இடங்களில்கூட, பிரிவுக்குப் பிரிவு வி-லேன் போட்டு நெட்வொர்க்கைப் பிரித்து, நடுவில் அது பரவுகிற 445 போர்ட்டை அடைத்தவர்களுக்கு ஒரு அறையோடு நின்றது. எல்லோரையும் ஒரே நெட்வொர்க்கில் போட்டு வைத்தவர்களுக்குக் கட்டடமே போனது.

இன்டர்வியூவில் நான் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பேன். பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) போகிறது, பெரும்பாலான தளங்கள் திறக்கின்றன, ஒரு சில தளம் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது, எங்கே பார்ப்பாய்? நாற்பது டூலின் பெயர் தெரிந்தவர்கள் இங்கே நின்றுவிடுகிறார்கள். உங்கள் ஆபீசில் பி.பி.பி.ஓ.இ. (யூசர் நேம், பாஸ்வேர்ட் போட்டு வீட்டு இணைப்பை எழுப்பும் முறை) இருக்கிறது என்றால் இது உனக்குப் பழக்கமாக இருக்கலாம். சாதாரணமாக ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, அதாவது எம்.டி.யூ., 1500 பைட். பி.பி.பி.ஓ.இ. அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் 1492. அதைவிடப் பெரிய பாக்கெட் வந்தால் "சிறியதாக அனுப்பு" என்று ஒரு ஐ.சி.எம்.பி. செய்தி (நெட்வொர்க் கருவிகள் பிழையைச் சொல்லப் பயன்படுத்துவது) திரும்பிப் போக வேண்டும். அந்தத் தளத்துக்கு முன்னால் யாரோ பாதுகாப்பு என்று சொல்லி ஐ.சி.எம்.பி. முழுவதையும் அடைத்திருந்தால் அந்தச் செய்தி சேராது, பக்கம் திறக்காது. ஒரு பாக்கெட்டில் போகும் டேட்டாவின் அளவை முதலிலேயே குறைத்துவிட, எம்.எஸ்.எஸ். மாற்றுகிற விதி ஒன்று உங்கள் ரூட்டரில் இருக்கும், போய்ப் பார்.

அந்த போலீஸ் கடிதமும் பாடம்தான். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் (CERT-In) 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவில், லாக்கை 180 நாள் வைக்க வேண்டும், எல்லாக் கருவிகளின் கடிகாரமும் என்.டி.பி. (நெட்வொர்க் மூலம் நேரத்தைச் சரிசெய்யும் முறை) வழியாக ஒத்துப்போக வேண்டும், குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. உட்கார்ந்து முழுதாகப் படி. ஒரு பொது ஐபிக்குச் சுமார் 64,000 போர்ட். ஐம்பது வீடு என்றால் வீட்டுக்கு 1,000 போர்ட் என்று நிலையாகப் பிரித்துவிடலாம். அப்புறம் ஒவ்வொரு இணைப்பையும் எழுதி வைக்காமலேயே போர்ட் எண்ணிலிருந்து வீட்டைச் சொல்லிவிடலாம். கடிதத்தில் போர்ட் இல்லை என்றால் அதைக் கேட்டுப் பதில் எழுத வேண்டும்.

டிகிரிக்கு எம்.சி.ஏ. எடு. ஆள் எடுக்கிற இடங்களில் முதல் வடிகட்டி டிகிரிதான், எம்.சி.ஏ. என்றால் எல்லா வாசலுக்கும் பொருந்தும். அந்த இரண்டு வருடத்தில் சி.சி.என்.ஏ. என்ற சிஸ்கோ நெட்வொர்க் சான்றிதழின் பாடத்திட்டத்தை முழுதாகக் கற்றுக்கொள். தேர்வுக் கட்டணம் 300 டாலர், 25,000 ரூபாயைத் தாண்டும். அதனால் பாடத்தை முதலில் முடி, தேர்வை எம்.சி.ஏ. இரண்டாம் வருடத்தில் உன் சம்பளப் பணத்தில் எழுது. அதன் பிறகு செக்யூரிட்டி பிளஸ் என்ற அடிப்படைப் பாதுகாப்புச் சான்றிதழைப் பார்க்கலாம். ஓ.எஸ்.சி.பி. என்ற ஹேக்கிங் சான்றிதழின் தேர்வு ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க, 23 மணி 45 நிமிடம். அது இப்போது வேண்டாம். அனுபவசாலிகளுக்கான சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழுக்கு ஐந்து வருட அனுபவம் கேட்பார்கள், அந்தப் பேச்சையே எடுக்காதே.

கரும்பலகை:

நான் கல்லூரியில் இந்தப் பாடங்களை நடத்துகிறவன். நொய்யல் அம்மா சொன்ன முடிவோடு ஒத்துப்போகிறேன், ஆனால் இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று.

சைபர் செக்யூரிட்டி என்று பெயர் போட்ட எம்.எஸ்சி. எல்லாம் மோசம் என்று நினைக்க வேண்டாம். பாடத்திட்டத்தை இறக்கிப் பாருங்கள். ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், கிரிப்டோகிராஃபி மூன்றும் முழுப் பாடங்களாக இருக்கின்றனவா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் லேப், நடத்துபவர் முன்பு என்ன வேலை பார்த்தார்? இதற்குப் பதில் கிடைக்காத இடத்தில் 1.2 லட்சம் கட்டாதீர்கள். எம்.சி.ஏ. என்றால் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதுங்கள். பிளஸ் டூவிலோ டிகிரியிலோ கணிதம் இருக்க வேண்டும். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் செலவு மிகவும் குறையும். அதற்குப் பிறகும் படிக்க மனம் இருந்தால் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் நடத்தும் பி.ஜி.-டிட்டிஸ் (PG-DITISS) என்ற பாதுகாப்பு டிப்ளமோ இருக்கிறது, ஏறக்குறைய ஆறு மாதம். அதன் நுழைவுத் தேர்வுக்கு சி-கேட் (C-CAT) என்று பெயர்.

இரண்டாவது, கணக்கு "பரவாயில்லை" என்று விட்டுவிடக் கூடாது. வகுப்பில் நான் முதல் நாள் செய்வது இது. பலகையில் எல்லோரும் பார்க்க 17, 3 என்று எழுதுவேன். ஒரு மாணவி மனதில் 4 வைத்துக்கொள்வாள், ஒரு மாணவன் 7. அவள் 3-ஐ நான்கு தடவை எழுதிப் பெருக்கி (3×3×3×3) 17-ஆல் வகுத்து மீதி 13 என்று உரக்கச் சொல்வாள். அவன் ஏழு தடவை பெருக்கி மீதி 11 என்பான். அவன் சொன்ன 11-ஐ அவள் நான்கு தடவை பெருக்கினால் மீதி 4. அவள் சொன்ன 13-ஐ அவன் ஏழு தடவை பெருக்கினாலும் மீதி 4. வகுப்பு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க, இருவருக்கும் மட்டும் ஒரே ரகசியம் கிடைத்துவிட்டது. 1976-ல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட வழி இது. பேங்க் தளத்தைத் திறக்கும்போது பெரும்பாலும் இதன் வழிவந்த ஒன்றுதான் நடக்கிறது, எண்கள் மட்டும் பிரம்மாண்டமானவை. எண் சிறியதாக இருந்தால் எப்படி உடைக்கலாம் என்று ஒரு பத்து வரி பைத்தானில் எழுதிப் பாருங்கள். கோடிங்கும் அங்கேயே தொடங்கிவிடும்.

ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஆன்லைன் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.-இல் ஐ.ஐ.டி. கரக்பூரின் நெட்வொர்க் பாடம் இலவசம். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக்கு 1,000 ரூபாய்.

தேனிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் செய்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

முதலாளியிடம் மோடம் விஷயத்தை நான் செய்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் லெட்டர்பேடை எடுத்து அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெளியிலிருந்து வரும் வழியை அடைத்துவிட்டேன். 31 வீட்டில் பாஸ்வேர்ட் மாற்றியாயிற்று, புதியதை ஸ்டிக்கரில் எழுதி மோடத்துக்கு அடியில் ஒட்டுகிறேன். ரூட்டருக்கு என்.டி.பி. போட்டாயிற்று. ஆபீசில் சும்மா கிடந்த பழைய பி.சி.யில் டெபியன் லினக்ஸ் ஏற்றி லாக்கை அதற்கு அனுப்புகிறேன்.

நொய்யல் அக்கா, நீங்கள் சொன்ன எம்.டி.யூ. விஷயத்தைப் படித்தபோது ஒரு வீடு ஞாபகம் வந்தது. ஆறு மாதம் முன்பு அவர்களுக்கு ஒரு பேங்க் தளம் மட்டும் திறக்காது. மூன்று தடவை மோடத்தை மாற்றினேன். அவர்கள் சொந்தமாக ஒரு ரூட்டர் வைத்திருந்தார்கள், அதில் யாரோ 1500 என்று போட்டிருந்தது இப்போதுதான் தெரிந்தது. எங்கள் மைக்ரோடிக்கில் எம்.எஸ்.எஸ். விதி இருக்கிறது, ஆனால் யாரோ டிசேபிள் செய்து வைத்திருக்கிறார்கள். போட்டுவிட்டேன். அந்த வீட்டுக்குப் போய் அவர்கள் முன்னாலேயே தளத்தைத் திறந்து காட்டினேன்.

இன்ஸ்டிடியூட்டுக்குப் போகவில்லை. அப்பாவிடம் இரவுப்பணி அண்ணன் எழுதியதைப் படித்துக் காட்டினேன். டான்செட் புத்தகம் வாங்கியாயிற்று. 17, 3 கணக்கைத் தங்கையோடு செய்து பார்த்தேன், வந்தது. ஒரு சந்தேகம் மட்டும். என்னிடம் இருக்கிற லேப்டாப்பில் 8 ஜி.பி. ரேம்தான். வீட்டிலேயே பயிற்சி லேப் போட அது போதுமா? புதிது வாங்க வேண்டுமா?

நொய்யல்:

போதும், வாங்காதே. ஒரே லேப்டாப்புக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் பி.எஃப்.சென்ஸ் ஃபயர்வாலுக்கு 1 ஜி.பி., டெபியனுக்கு 1, மெட்டாஸ்ப்ளாய்டபிளுக்கு அரை ஜி.பி. கொடு. காளிக்கு 2 ஜி.பி. கொடு, அதைத் தேவைப்படும்போது மட்டும் எழுப்பு. மெட்டாஸ்ப்ளாய்டபிள் பயிற்சிக்காக வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்தது, அதை விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ளேயே நிற்கும் இன்டர்னல் நெட்வொர்க்கில் மட்டும் வை, தவறியும் வீட்டு வைஃபையோடு இணைத்துவிடாதே. ஸ்விட்ச் பாடத்துக்கு சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் என்ற பயிற்சி சாஃப்ட்வேர் இருக்கிறது, அவர்கள் தளத்தில் பதிவு செய்தால் இலவசம். நிஜ ஸ்விட்ச் கையில் வேண்டும் என்று தோன்றினால் சென்னை வரும்போது எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் பழையது தேடலாம், அவசரமில்லை.

ஸ்டிக்கர் யோசனை எனக்குப் பிடித்தது. வீடு வீடாக வேறு வேறு பாஸ்வேர்ட் போடுகிறாய்தானே? 31 வீட்டுக்கும் ஒன்றே என்றால் திரும்பப் போக வேண்டியிருக்கும்.

அந்த டெபியன் பி.சி.யில் யு.டி.பி. 514 போர்ட்டில் லாக் வருகிறது என்றால், அந்த போர்ட்டை ரூட்டரின் ஐபிக்கு மட்டும் திறந்து வை. டிஸ்க் எத்தனை நாளில் நிரம்புகிறது என்று கணக்குப் போடு, 180 நாளுக்கு எவ்வளவு வேண்டும் என்று முதலாளியிடம் சொல். ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைத்தால் உன் லேப்டாப்பில் வயர்ஷார்க்கைப் போட்டு, ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, டி.என்.எஸ். கேள்வியிலிருந்து இணைப்பைத் தொடங்கும் டி.சி.பி.யின் மூன்று கைகுலுக்கல் பாக்கெட் வரைக்கும் பிடி. ஒவ்வொரு வரிக்கும் எதிரில் அது என்ன என்று உன் வார்த்தையில் எழுதி இங்கேயே போடு. இரவு பத்து மணிக்கு மேல் பார்க்கிறேன்.